ஆமெனுக்குப் பிறகு

நான் எழுதிய பியானோ இசைக்கு இரண்டு பகுதிகள் உண்டு. முதல் பகுதி என் நண்பர்களுக்கு மனப்பாடம். இரண்டாம் பகுதி என்று ஒன்று இருப்பதே நெடுநாள் அவர்களுக்குத் தெரியாது. அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. அவர்கள் சர்ச் பாடகர் குழுவில் வளர்ந்தவர்கள். நான் அரசு அலுவலகத்தில் வளர்ந்தவன்.

எதையும் முறைப்படி செய்யாவிட்டால் செய்த மாதிரியே தோன்றாத ஆள் நான். பியானோவையும் அப்படித்தான் படித்தேன். ஐம்பது வயதுக்கு மேல் தேர்வுக்கு விண்ணப்பித்து, இரட்டைச் சடை போட்ட சிறுமிகளோடு நாகர்கோவிலில் ஒரு வராந்தாவில் என் முறை வரக் காத்திருந்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு அம்மா அன்பாகக் கேட்டார்.

"பேத்திக்கு எந்த கிரேடு சார்?"

"எனக்கு மூணாவது."

அவர் ஒரு நாற்காலி தள்ளி உட்கார்ந்தார். தேறினேன். அடுத்ததும் தேறினேன். சான்றிதழ்களை லாமினேட் செய்து வைத்திருக்கிறேன், பார்க்க யாரும் கேட்டதில்லை. ஓய்வு பெற்ற என் வயதுக்காரர்கள் தெருவுக்கு ஒரு நலச் சங்கம் ஆரம்பித்துச் செயலாளர் ஆனார்கள். நான் சொந்தமாக இசை எழுத ஆரம்பித்தேன். இரண்டுமே பிறருக்குத் தொந்தரவுதான். என்னுடையதில் சந்தா கிடையாது.

எழுதினால் யாரிடமாவது வாசித்துக் காட்ட வேண்டுமே. என் மனைவி கேட்பாள், ஆனால் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டே கேட்பாள். அடுத்த தெருவில் ஓய்வு பெற்ற கணிதப் பேராசிரியர் ஒருவர் இருக்கிறார். கிறிஸ்தவ சபையில் பாடகர் குழுவை நடத்துபவர், அடிக்குரல்காரர், வீட்டில் நிமிர்ந்து நிற்கும் பழைய பியானோ ஒன்று வைத்திருப்பவர். அவருக்கும் சொந்தமாக மெட்டு எழுதும் பழக்கம் உண்டு. அவர் மூலம் குழித்துறைக்காரர் வந்தார். வளைகுடாவில் பல வருஷம் வேலை பார்த்துவிட்டு, இப்போது கல்யாண மேடைகளில் பாடும் கானமேளா குழுவில் கீபோர்டு வாசிக்கிறார். ஞாயிற்றுக்கிழமை சபையிலும் அவர்தான், பாடினால் ஆண் மேல்குரல். மூன்றாவதாக முட்டத்திலிருந்து ஒரு பெண்மணி. கணவருக்கு மீன் வியாபாரம், இவர் சர்ச் பூசைக்கு வாசிப்பவர், பாடினால் நடுக்குரல். அவர் எழுதுவதெல்லாம் ஒரு நிமிஷத்துக்குள் முடிந்துவிடும். எங்கள் நால்வரில் அவர்தான் நன்றாக எழுதுகிறார் என்பது மற்ற மூவருக்கும் தெரியும், யாரும் வாய் திறந்து சொல்வதில்லை.

மாதத்தில் இரண்டாவது சனிக்கிழமை பிற்பகல் பேராசிரியர் வீட்டில் கூடுவது என்று முடிவாயிற்று. விதிகளை நான் வகுத்தேன். யாரும் கேட்கவில்லை, ஆனால் விதியில்லாமல் நாலு பேர் ஒரு அறையில் கூடினால் அதற்குக் கல்யாண வீடு என்று பெயர். வாசிப்பவர் முன்கூட்டி எதையும் விளக்கக்கூடாது. ஒரு கூட்டத்தில் ஒரு இசையை ஒரு தடவைதான் வாசிக்கலாம். வாசித்து முடித்தபின் எல்லோரும் கருத்துச் சொல்லி ஓயும்வரை எழுதியவர் வாயைத் திறக்கக்கூடாது. மூன்றும் அப்பழுக்கில்லாத விதிகள். 'வாசித்து முடித்தபின்' என்றால் என்ன என்பதை மட்டும் வரையறுக்காமல் விட்டுவிட்டேன். ஆயுள் முழுக்க அடுத்தவர் எழுதிய அரசாணைகளில் இதே ஓட்டையைத் தேடிப் பிடித்துச் சம்பளம் வாங்கியவன் நான்.

எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். இசை தெரிந்த யாராவது, ஒரே ஒரு தடவை, இதைக் கடைசிவரை கேட்க வேண்டும். நல்லா இருக்கிறது என்று சொல்லக்கூட வேண்டாம்.

முதல் கூட்டத்தில் கடைசியாக என் முறை வந்தது. முதல் பகுதி மெதுவாகப் போய், ஓரிடத்தில் இரண்டு கார்டுகளில், அதாவது சேர்ந்தொலிக்கும் சுரக்கூட்டுகளில், இறங்கி உட்காரும். பி ஃப்ளாட், அப்புறம் எஃப். பிறகு கையை எடுத்து நாலு எண்ணிக்கை மௌனம். அந்த மௌனத்திலிருந்துதான் இரண்டாம் பகுதி புறப்படும். நான் பி ஃப்ளாட்டை அழுத்தினேன். பின்னாலிருந்து மூச்சு இழுக்கும் சத்தம் கேட்டது. அடுத்த கணம், அடிக்குரலும் ஆண் மேல்குரலும் பெண் நடுக்குரலும் சேர்ந்து, கண்களை மூடிக்கொண்டு,

"ஆ... மென்."

உச்சக்குரல் மட்டும் குறைகிறதே என்று நினைப்பதற்குள் அதுவும் வந்தது, சமையலறையிலிருந்து. அதோடு கூடவே பேராசிரியரின் மனைவி பழ பஜ்ஜித் தட்டோடு வந்தார். அந்த வீட்டில் ஜெபம் முடிந்து ஆமென் கேட்டால் சாயா வரும். பல வருஷத்து ஏற்பாடு.

பழைய சபைப் பாட்டுகளெல்லாம் இந்த இரண்டு கார்டில்தான் ஆமென் சொல்லி முடியும் என்பது கோயில் மணியும் நாதஸ்வரமும் கேட்டு வளர்ந்த எனக்கு எங்கே தெரியும்? இவர்களுக்கோ அது தும்மும்போது கண் மூடுவது போல. மூளைக்குத் தகவல் போகும் முன்பே வாய் வேலையை முடித்துவிடும்.

"கொள்ளாம், நல்லாருக்கு ஆபீசர் சாரே," என்றார் குழித்துறைக்காரர். "அடக்கமா இருக்கு."

"சின்னதுன்னாலும் முழுசா இருக்கு," என்றார் முட்டத்துப் பெண்மணி, பஜ்ஜியை ஊதிக்கொண்டே.

பேராசிரியர் என் முதுகில் தட்டினார். "ஓய், அந்த முடிவு அருமையாட்டு வந்திருக்கு. எங்க கோவில் வாசலையே மிதிக்காத ஆளு, எங்கேருந்துவே பிடிச்சீரு?"

எல்லோரும் கருத்துச் சொல்லி ஓயும்வரை நான் பேசக்கூடாது. கடைசியாகக் கருத்துச் சொன்னவர் பேராசிரியரின் மனைவி. "ஆறிப்போச்சுன்னா பஜ்ஜி சவுக்குன்னு இருக்கும், எடுத்துக்கிடுங்க," என்றார். அவர் ஓய்ந்தபோது குழித்துறைக்காரர் பஸ்ஸுக்குக் கிளம்பியிருந்தார்.

வீட்டில் மனைவி கேட்டாள். "என்ன சொன்னாங்க?"

"ஆமென் சொன்னாங்க."

"பின்ன என்ன, நல்லதுதானே. நம்ம கோயில்ல வாசிச்சிருந்தா ஒரு தொன்னை சுண்டலாவது கெடச்சிருக்கும்."

அடுத்த கூட்டத்தில் மறுபடியும் அதையே வாசித்தேன். ஒரு கூட்டத்துக்கு ஒரு தடவைதான் என்று விதி இருக்கிறதே தவிர, அடுத்த கூட்டத்தில் கூடாது என்று இல்லை. இந்த முறை எல்லோருக்கும் அது பழகிய பாட்டு. ஆமென் எப்போது வரும் என்று முந்தியே நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார்கள். முன்னைவிட இன்னும் சுத்தமாகப் பாடினார்கள். அதற்கடுத்த மாதம் நாலு எண்ணிக்கை மௌனத்தைப் பாதியாகக் குறைத்தேன். ஆமெனின் பாதியிலேயே என் இரண்டாம் பகுதி தொடங்கியது. பேராசிரியரின் மனைவி தட்டோடு நிற்பதைப் பார்த்துவிட்டுக் குழித்துறைக்காரர் எழுந்து வந்து என் தோளைப் பிடித்தார். "சாரே, சாயா வந்தாச்சு. அடுத்த பாட்டு பின்ன பாக்கலாம்."

அடுத்த பாட்டாம்.

முறைப்படி போவோம் என்று, விதித் திருத்தத்துக்கு முன்னறிவிப்புக் கொடுத்தேன். 'வாசித்து முடித்தபின்' என்ற சொற்களுக்குப் பொருள் வரையறை சேர்க்க வேண்டும் என்று. திருத்தம் விவாதத்துக்கு வந்தது. முட்டத்துப் பெண்மணி ஒரு தடவை கொட்டாவி விட்டார், அப்புறம் மறைக்காமலே இரண்டு தடவை விட்டார். பேராசிரியர் என் வரையறையில் ஒரு தர்க்கப் பிழையைக் கண்டுபிடித்து, அதைத் திருத்த மாற்று வரையறை ஒன்று சொன்னார். அதில் நான் ஒரு பிழை கண்டுபிடித்தேன். சாயங்காலம் ஆகிவிட்டது. அன்றைக்கு யாருமே ஒரு சுரம்கூட வாசிக்கவில்லை.

"இதுக்கு நான் அங்க ஷார்ஜாவுலயே கெடந்திருப்பேன்," என்றார் குழித்துறைக்காரர் செருப்பை மாட்டிக்கொண்டே.

பிறகு ஒலிப்பதிவு செய்து வாட்ஸாப்பில் அனுப்பினேன். மூன்று கட்டைவிரல்கள் வந்தன. முட்டத்துக்குப் போன் போட்டு, எதுவரை கேட்டீர்கள் என்று விசாரித்தேன்.

"முழுசும் கேட்டேன் சார். ஆமென் வரைக்கும்."

அதற்குமேல் நான் ஒரு வார்த்தை சொன்னால் அது விளக்கம் ஆகிவிடும், விதிப்படி கூடாது.

என் மனைவி பொறுத்துப் பார்த்துவிட்டு ஒருநாள் சொன்னாள். "அந்த ரெண்டு கார்டாலதானே வினை. அத மாத்திட்டா என்ன? லோகத்துல வேற கார்டே இல்லியா?"

இருக்கிறது. ஆனால் மாற்ற மாட்டேன். அந்த எஃப்பில் வந்து எல்லாம் ஓய்ந்துவிட்டது என்று தோன்றும். மேலே அதே எஃப் நிற்க, கீழே டி ஃப்ளாட் வந்து நுழையும். மேல்சுரம் அசையாது, அது நின்ற தரை மட்டும் வேறாகிவிடும். இத்தனை காலத்தில் நானாகக் கண்டுபிடித்தது அந்த ஓரிடம்தான். மற்றதெல்லாம் அங்கே போய்ச் சேர நான் போட்ட சாலை. சாலையைக் கேட்டுவிட்டு ஊர் நன்றாக இருக்கிறது என்று சொல்லிச் சாயா குடித்துக்கொண்டிருந்தார்கள்.

அப்போதுதான் பேராசிரியரின் பியானோவில் கரையான் புகுந்தது. திருவனந்தபுரத்திலிருந்து வந்த ஆள் முன்பலகையைக் கழற்றிப் பார்த்து, மருந்தடித்து, கொஞ்ச நாள் யாரும் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார். கூட்டம் முட்டத்துக்கு மாறியது. என்னுடைய டிஜிட்டல் பியானோவைக் காரின் பின்சீட்டில் குறுக்காக வைத்தோம். ஒரு முனை ஜன்னல் பக்கம், மறுமுனை பேராசிரியரின் மனைவி மடியில். அவர் இந்தக் கூட்டத்துக்குப் பஜ்ஜித் தட்டில்லாமல் வருவது இதுதான் முதல் தடவை. வெள்ளிச்சந்தை தாண்டியதும் பின்னாலிருந்து குரல் வந்தது.

"இன்னைக்கு யாருக்கும் பஜ்ஜி கெடையாது. சொல்லிட்டேன். நானும் மனுசி மாதிரி உக்காந்து கேக்கப் போறேன்."

முட்டத்தில் மாடி அறை. கடற்காற்றுக்கு ஜன்னல் கதவுகள் அடித்துக்கொண்டே இருந்தன, ஒவ்வொன்றுக்கும் ஒரு கல் முட்டுக்கொடுத்திருந்தார்கள். கீழே வீட்டுக்காரர், பெண்மணியின் கணவர், நெய்மீன் கறி வைத்துக்கொண்டிருந்தார். அந்த வாசனையில் கவனம் வைத்து உட்கார்ந்திருப்பதே பெரிய சாதனை. குழித்துறைக்காரர் ஒன்று வாசித்தார், மாப்பிள்ளை பெண் மேடையேறுவது போன்ற இசை. அவர் துக்கத்தைப் பற்றி எழுதினாலும் அப்படித்தான் வரும். பேராசிரியர் ஒன்று வாசித்தார், விடைத்தாள் போலச் சுத்தமாக இருந்தது. பிறகு ஒயர்களைச் சரி செய்கிற இடைவெளியில் முட்டத்துப் பெண்மணி ஒரு கதை சொன்னார்.

"எனக்க மாமா ஒருத்தரு எங்க கோவில்ல ஆர்கன் வாசிச்சாரு. ஒரு கலியாணத்துல, கடைசிப் பாட்டு ஆமென்ல தூங்கிட்டாரு, கேட்டியளா. கை ரெண்டும் கட்டையில. நாங்க 'மென்'னு இழுத்துகிட்டு நிக்கோம். மாப்பிளயும் பெண்ணும் வெளிய எறங்கியாச்சு. நாங்க நிக்கோம். எனக்கு அடுத்து நின்னவளுக்குக் கண்ணு ரெண்டும் வெளிய வந்திட்டு."

"நிப்பாட்டியிருக்கலாமே," என்றேன்.

அவர் என்னைப் பார்த்த பார்வை, நீதிபதி எழும் முன் எழுந்து போகலாமே என்று வக்கீலிடம் சொன்னவனைப் பார்ப்பது போல இருந்தது. "அவரு கைய எடுக்காம எப்பிடி சார் நிப்பாட்ட? கட்டையில இருந்து கை எடுத்தாத்தான் நாங்க வாய மூடுவோம். எல்லா எடத்திலயும் அப்படியாக்கும்."

பேராசிரியர் தலையை ஆட்டினார். "அது ஒழுங்கு."

இத்தனை மாதமும் கையை எடுத்தது யார்? நான். நாலு எண்ணிக்கை மௌனம் என்று எழுதிவைத்து, தேர்வில் மதிப்பெண் வாங்கிக் கொடுத்த அதே பக்தியோடு, ஒவ்வொரு தடவையும் கையைத் தூக்கி, 'முடிந்தது, போய்ச் சாயா குடியுங்கள்' என்று நானே உத்தரவு கொடுத்திருக்கிறேன். கார்டை மாற்ற மாட்டேன் என்று மார்தட்டினேன். மௌனத்தைக் குறைத்துப் பார்த்தேனே தவிர, அதை அடியோடு எடுத்துவிடலாமே என்று தோன்றவில்லை.

"ஆபீசர் சாரே, ஒங்க முறை," என்றார் குழித்துறைக்காரர். "அந்த ஆமென் பாட்டுதானே? வாசிங்க, வாசிங்க. எனக்குத் தொண்டை இன்னைக்குக் கொள்ளாம்."

வாசித்தேன். முதல் பகுதியைச் சற்று வேகமாகவே ஓட்டிவிட்டேன், பொறுமை இல்லை. பி ஃப்ளாட். மூச்சு இழுத்தார்கள். இந்த முறை நாலு பேரும் ஒரே அறையில். "ஆ..." எஃப்பில் இறங்கினேன். "...மென்."

கையை எடுக்கவில்லை.

அவர்களும் விடவில்லை. "மென்ன்ன்" என்று நாலு குரலும் கம்பி மாதிரி நீண்டன. ஓரக்கண்ணால் பார்த்தேன். பேராசிரியரின் ஒரு கண் திறந்தது. குழித்துறைக்காரரின் கழுத்து நரம்பு புடைத்தது. முட்டத்துப் பெண்மணி, மாமா நிலைமை எனக்கும் வந்துவிட்டதோ என்று எட்டிப் பார்த்தார். எனக்குச் சிரிப்பு வயிற்றிலிருந்து கிளம்பியது. அடக்கிக்கொண்டு, மேலே எஃப்பை விடாமல், கீழே டி ஃப்ளாட்டை வைத்தேன்.

பாடகர்களைப் பற்றி என்ன வேண்டுமானாலும் சொல்லுங்கள், காது என்ற ஒன்று அவர்களுக்கு இருக்கிறது. யாரும் யோசிக்கவில்லை. குழித்துறைக்காரர் அரைச்சுரம் கீழே சறுக்கினார். முட்டத்துப் பெண்மணி அரைச்சுரம் மேலே ஏறினார். பேராசிரியர் புருவத்தைச் சுருக்கிக்கொண்டே, தான் போகும் இடம் பிடிக்காதவர் போல, டி ஃப்ளாட்டுக்கு இறங்கினார். அவர் மனைவி மட்டும் இருந்த இடத்திலேயே நின்றார், தரை மாறியதைக் கேட்டு வாய் திறந்தபடி. நான் தாளில் எழுதிவைத்திருந்ததைத் தாளைப் பார்க்காமலே நாலு பேர் பாடிவிட்டார்கள். ஜன்னலுக்கு வைத்திருந்த கல் ஒன்று சரிந்து கதவு படாரென்று அடித்தது, யாரும் திரும்பவில்லை.

மூச்சு தீர்ந்து ஒவ்வொருவராக நின்றார்கள். நான் நிற்கவில்லை. பாதி வழியில் ஏற்றிவிடப்பட்ட பயணிகள் இறங்க முடியாமல் உட்கார்ந்திருப்பது போலக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். என் விரல்கள் இரண்டு இடத்தில் தடுக்கின. கடைசிப் பக்கத்தில் ஒரு வரியை முழுதாக விட்டுவிட்டேன். யாருக்குத் தெரியப் போகிறது? கடைசிச் சுரத்தில் கை வைத்து, போதும் என்று தோன்றும்வரை இருந்து, எடுத்தேன்.

கீழே கறி கொதிப்பது கேட்டது.

பேராசிரியரின் மனைவிதான் முதலில் பேசினார். "இது எப்பவுமே இருந்துதா?"

நான் தலையை மட்டும் ஆட்டினேன்.

"அப்பம் நான் பஜ்ஜியக் கொண்டு வந்து நீட்டினதெல்லாம் பாதியிலயா? ஏன் ஒரு வார்த்த சொல்லல்ல?"

"சொல்லக்கூடாதுன்னு அவரே விதி போட்டிருக்காரு," என்றார் பேராசிரியர். பிறகு என் பக்கம் திரும்பினார். "இருக்கட்டும் ஓய். அந்த டி ஃப்ளாட்டுக்கு அங்க என்னவே வேலை? ஒரு வழியுமில்லாம வந்து குதிக்குது. நடுவில ஒரு கார்டு போட்டு முறையா அழைச்சிட்டு வரணும்."

"சாரே, நீங்க சும்ம இரிங்க," என்றார் குழித்துறைக்காரர். "இவருக்க பாட்டுல உயிரு இருக்கிய எடமே அதாக்கும். முதல் பாதி எடுத்துக் கடல்ல போடணும்."

"எலே மக்கா, முதல் பாதி இல்லாம அது எப்பிடி வரும்?" என்றார் முட்டத்துப் பெண்மணி. "அது நல்லாத்தான் வருது. அதுக்கப்புறம்தான் வளவளன்னு கெடக்கு. போயிட்டுப் போயிட்டுத் திரும்பி வருது. நானா இருந்தா பாதிய வெட்டுவேன்."

"நீ எல்லாத்தையும்தான் வெட்டுவ," என்றார் பேராசிரியர். "ஒனக்க பாட்டு தொடங்கு முன்ன முடிஞ்சிரும்."

"நீளமா எழுதினா ஞானமா சார்?"

"வெட்டப்படாது," என்றார் பேராசிரியரின் மனைவி. "ஒரு சுரம் வெட்டப்படாது. நான் இப்பம்தான் கேக்கேன்."

பேராசிரியர் என்னை ஸ்டூலிலிருந்து எழுப்பிவிட்டு உட்கார்ந்தார். தன் வாதத்தை நிரூபிக்க, நடுவில் ஒரு கார்டு சேர்த்து வாசித்துக் காட்டினார். "கேளும், இப்பம் எப்பிடி இருக்கு?" முறையாக இருந்தது. சவசவவென்றும் இருந்தது. "ஐயோ சார்," என்று முட்டத்துப் பெண்மணி அவர் இடது கையைப் பிடித்துக் கட்டையிலிருந்து அகற்றி, நின்றபடியே தானே டி ஃப்ளாட்டை வைத்தார். குழித்துறைக்காரர் மறுபுறமிருந்து குனிந்து மேல்பகுதியை எடுத்துக்கொண்டார். இரண்டு ஊர்க்காரர்களும் நடுவில் பேராசிரியரை நசுக்கிக்கொண்டு, என் இரண்டாம் பகுதியை நினைவிலிருந்து வாசித்தார்கள், பாதி சரியாகவும் பாதி அவர்களுக்குத் தோன்றியபடியும்.

நான் சுவரோரம் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். அந்த இசையை அதுவரை ஸ்டூலில் இருந்துகொண்டுதான் கேட்டிருக்கிறேன். அடுத்த சுரம் எங்கே என்ற கவலையோடு. இன்றைக்கு முதல் தடவையாக எதிர்ப்பக்கத்திலிருந்து கேட்டேன், வேறு ஆட்கள் சண்டை போட்டுக்கொண்டே வாசிக்க. அந்த எஃப்புக்குக் கீழே தரை மாறியபோது நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டேன். எழுதினவன் நான்தான், இருந்தும் எதிர்பார்க்கவில்லை. கால்கள் தாமாக ஆடின. ஓய்வூதிய உத்தரவு கைக்கு வந்த அன்றுகூட நான் இப்படிச் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததில்லை.

வீட்டுக்காரர் மாடிப்படியில் தலையை நீட்டினார், கையில் கரண்டி. "மரச்சீனிக் கெழங்கு வெந்து, கறியும் எறக்கியாச்சு. எல்லாரும் வாங்க. பாட்டு முடிஞ்சுதா இல்லியா?"

பேராசிரியர் நசுங்கிய இடத்திலிருந்து திரும்பாமலே கத்தினார். "முடியல்ல. இரும்!"